நோட்டுல பாதியில நின்ன வரிகள்: வகுப்புக்கு ஸ்லைடு போட நான் கத்துக்கிட்ட விதம்

ஒரு டெர்ம் முடியற நேரம், பிள்ளைங்களோட அறிவியல் நோட்டை எல்லாம் வாங்கி வச்சு திருத்திட்டு இருந்தேன். இதயம் பாடம் (ஆரிக்கிள்னா இதயத்தோட மேல் அறை, வெண்ட்ரிக்கிள்னா கீழ் அறை). முதல் நோட்டுல "இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் வலது வெண்ட்ரிக்கிளின் சுவரை விட" அப்படின்னு எழுதி அங்கயே நின்னுருச்சு, மீதி இல்ல, அடுத்த வரியில வேற தலைப்பு ஆரம்பிச்சிருச்சு. சரி இவன் அவசரத்துல விட்டுட்டான் போலன்னு அடுத்த நோட்டை எடுத்தா அதுலயும் கிட்டத்தட்ட அதே இடம், ஒரு சொல் முன்ன பின்ன. ஏழெட்டு நோட்டு பாத்த அப்புறம்தான் எனக்கு விளங்குச்சு, அது நான் அடுத்த ஸ்லைடுக்கு பட்டனை அழுத்துன இடம். நான் எந்தெந்த இடத்துல நகர்ந்தேன்னு அத்தனை நோட்டுலயும் வரிசையா பதிவாகியிருக்கு.

அன்னைக்கு அந்த 40 நிமிஷ பீரியடுக்கு நான் போட்டிருந்தது 34 ஸ்லைடு. ஒவ்வொண்ணுலயும் பத்து பன்னெண்டு வரி. பாடப்புத்தகத்துல இருக்கறது எல்லாமே ஸ்லைடுல இருக்கணும், அப்பதான் முழுசா நடத்துன மாதிரின்னு நான் உண்மையா நம்பிட்டு இருந்தேன், ராத்திரி உக்காந்து ஒவ்வொரு வரியா டைப் பண்ணேன். மறுநாள் வகுப்புல போய், இடது பக்க சுவர் ஏன் தடிமனா இருக்குன்னு கேட்டேன். ஒருத்தரும் வாய் திறக்கல. அவங்க மேல தப்பே இல்ல, நான் அதை விளக்கிட்டு இருந்தப்ப அவங்க தலையை குனிஞ்சு எழுதிட்டு இருந்தாங்க, நிமிந்து பாக்கறதுக்குள்ள நான் அடுத்ததுக்குப் போயிட்டேன்.

இதுக்கு என்ன காரணம்னு தேடிப் படிச்சப்ப ஒரு விஷயம் பளிச்சுன்னு புரிஞ்சுது. எழுத்தை படிக்கறப்ப நமக்குள்ள ஒரு குரல் அதை வாசிக்குது இல்லையா, அதே நேரத்துல வெளியில இருந்து ஆசிரியரோட குரலும் வந்தா ரெண்டும் ஒரே வாசல்ல முட்டிக்குது. ஒண்ணு கேக்கணும், இல்ல படிக்கணும், ரெண்டையும் ஒரே நேரத்துல செய்யறது ரொம்ப கஷ்டம். படமும் பேச்சும் அப்படி முட்டிக்கறது இல்ல, கண்ணு படத்தைப் பாக்குது, காது பேச்சைக் கேக்குது, ரெண்டும் சேர்ந்து ஒரே விஷயத்தைக் கட்டுது. ஆஸ்திரேலியாவுல ஜான் ஸ்வெல்லர் 1988ல மனச்சுமை, அதாவது கத்துக்கறப்ப மூளை ஒரே நேரத்துல தாங்க வேண்டிய வேலை, பத்தி எழுதுன ஆய்வுல இருந்து இந்தப் பேச்சு வளர்ந்துச்சு, அமெரிக்காவுல ரிச்சர்ட் மேயர் இதை நிறைய சோதனை வச்சு பாத்திருக்கார். படம் வச்சு வாயால விளக்குனா நல்லா புரியுது, அதே விளக்கத்தை எழுத்தாவும் கீழ போட்டா பல நேரம் புரிதல் குறையுது. கூடுதலா ஒண்ணு குடுத்தா கூடுதலா புரியும்னு நாம நினைப்போம், இங்க அது தலைகீழ்.

ஆனா இதை கேட்டுட்டு ஸ்லைடுல எழுத்தே கூடாதுன்னு எடுத்துக்காதீங்க. புதுசா வர்ற கலைச்சொல் கட்டாயம் எழுத்துல இருக்கணும், வெண்ட்ரிக்கிள்னு காதால மட்டும் கேட்ட பிள்ளை அதை நோட்டுல எப்படி எழுதும்? பாடம் நடக்கற மொழியே இன்னும் சரியா வராத பிள்ளைங்களுக்கும் முக்கியமான சொல்லு கண்ணுல படணும். நான் சொல்றது, நான் வாயால சொல்லப்போற விளக்கம் முழுசையும் வரி வரியா சுவத்துல ஒட்டி வைக்க வேணாம்னு, அவ்வளவுதான்.

இப்போ நான் கம்ப்யூட்டரைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு தாள் எடுத்துக்கறேன். அதுல மேல ஒரே ஒரு வரி, இந்த பீரியட் முடியறப்ப பிள்ளைங்க தன் வாயால எதை சொல்லணும். இதயத்துக்கு நான் எழுதுனது, "வலது பக்கம் ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புது, இடது பக்கம் உடம்பு முழுக்க அனுப்புது". அப்புறம் அதுக்குக் கீழ, இதுல எதை எல்லாம் என் வாயால சொல்லி புரிய வைக்கவே முடியாது, கண்ணால பாத்தாதான் ஆகும்னு யோசிச்சு எழுதுவேன். நாலு அறை இருக்கற அமைப்பு, ரத்தம் போற வழி, சுவரோட தடிமன் வித்தியாசம், வால்வு ஒரு பக்கமா மட்டும் திறக்கறது. நாலே விஷயம்! இதுக்குத்தான் ஸ்லைடு. மத்தது என் பேச்சுலயும் கரும்பலகையிலயும் புத்தகத்துலயும் போயிடும். 34 இருந்தது 9 ஆச்சு, அந்த 9லயும் மூணு ஸ்லைடு வெறும் கேள்விதான்.

தலைப்பு விஷயத்துல ஒரு சின்ன மாற்றம் செஞ்சேன், எனக்கு ரொம்ப பலன் குடுத்தது இதுதான். முன்ன எல்லாம் ஸ்லைடு மேல "இதயத்தின் அமைப்பு"ன்னு போடுவேன், அடுத்த ஸ்லைடும் "இதயத்தின் அமைப்பு", அதுக்கு அடுத்தது "இதயத்தின் அமைப்பு - தொடர்ச்சி". இதுல ஒரு தகவலும் இல்ல. இப்ப தலைப்பே ஒரு முழு வாக்கியம், "இடது வெண்ட்ரிக்கிளோட சுவர்தான் தடிமன், ஏன்னா அது உடம்பு முழுக்க தள்ளணும்". கீழ அதைக் காட்டற படம் மட்டும், குறுக்கு வெட்டுல ரெண்டு பக்க சுவரும் தெரியற மாதிரி. மேல ஒரு கூற்று, கீழ அதுக்கான சான்று. பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்துல மைக்கேல் ஆலின்னு ஒருத்தர் பொறியியல் மாணவர்களுக்கு ரொம்ப வருஷமா இந்த முறையைத்தான் சொல்லிக் குடுத்திருக்கார். இதுல எனக்கு கிடைச்ச இன்னொரு லாபம் என்னன்னா தலைப்பை வாக்கியமா எழுத வரலன்னா அந்த ஸ்லைடுல நான் என்ன சொல்ல வர்றேன்னு எனக்கே தெளிவா இல்லன்னு அர்த்தம், அப்ப அந்த ஸ்லைடை எடுத்துடுவேன். வாக்கியம் ரெண்டு வரிக்கு மேல போச்சுன்னா அதுல ரெண்டு கருத்து ஒளிஞ்சிருக்கு, பிரிச்சுடணும். கேள்வி கேக்கப்போற இடத்துல மட்டும் விடையை தலைப்பா போடக்கூடாது, அதுக்கு முன்னாடி கேள்வி ஸ்லைடு வந்துடணும், இதை கொஞ்சம் கீழ சொல்றேன்.

படத்துக்கு பேர் எழுதறதுல நான் பண்ணிட்டு இருந்த ஒரு தப்பு, படத்துல 1, 2, 3ன்னு எண் போட்டுட்டு ஓரத்துல "1. வலது ஆரிக்கிள், 2. வலது வெண்ட்ரிக்கிள்"ன்னு பட்டியல் போடுவேன், பாக்க சுத்தமா இருக்கும். ஒரு நாள் நான் ஸ்க்ரீனைப் பாக்காம பிள்ளைங்க முகத்தைப் பாத்தேன், படத்தைப் பாக்கறாங்க, ஓரத்துக்குப் போறாங்க, திரும்ப படத்துக்கு வர்றாங்க, வர்றதுக்குள்ள எந்த எண்ணுன்னு மறந்து போய் மறுபடி ஓரம். கண்ணு அலைஞ்சே களைச்சுப் போகுது. அன்னையில இருந்து பேரை அந்தந்த அறைக்குள்ளயே எழுதிடறேன், இடம் பத்தலன்னா ஒரு சின்ன கோடு இழுத்து பக்கத்துலயே. கூடவே, எல்லா பேரும் முதல்லயே தெரியறதில்ல. நான் பேசறப்ப பேசற பகுதியோட பேர் மட்டும் வரும்.

இப்படி ஒண்ணொண்ணா வர வைக்க நான் அனிமேஷன் போடறதில்ல. பவர்பாயிண்ட்ல ஸ்லைடை முழுசா முடிச்சுட்டு கண்ட்ரோல் டி அழுத்தி நகல் எடுத்துக்கறேன், முதல் நகல்ல ஒண்ணைத் தவிர எல்லாத்தையும் அழிச்சுடறேன், அடுத்ததுல ரெண்டு, அதுக்கு அடுத்ததுல மூணு. வகுப்புல பாக்க அனிமேஷன் மாதிரியேதான் இருக்கும். பிடிஎஃப் ஆக்குனாலும் அந்த வரிசை அப்படியே இருக்கும், வேற சாஃப்ட்வேர்ல திறந்தாலும் குழம்பாது, பின்னாடி போகணும்னாலும் ஒரு தட்டுதான். எழுத்து பறந்து வர்றது, சுத்தி வர்றது, ஓரத்துல கை ஆட்டற பொம்மை, இதெல்லாம் மொத்தமா விட்டுட்டேன். ஸ்க்ரீன்ல எது அசைஞ்சாலும் பிள்ளைங்க கண்ணு அங்கதான் போகும், அது இயற்கை, அதனால அசையறது பாடமா இருந்தா மட்டும் அசையட்டும், உதாரணத்துக்கு வால்வு திறந்து மூடறது.

நிறம். இதுல எனக்கு ரெண்டு அனுபவம். ஒண்ணு, வேக-நேர வரைபடம் நடத்தறப்ப ஒரு வண்டிக்கு சிவப்புக் கோடு, இன்னொண்ணுக்கு பச்சைக் கோடு போட்டிருந்தேன். "சிவப்புக் கோடு எந்த நேரத்துல நிக்குது"ன்னு ஒரு பையனை கேட்டா அவன் ரொம்ப நேரம் பாத்துட்டு, "சார், எது சிவப்பு?"ன்னு கேட்டான். யாரோ சிரிச்சாங்க. அவன் முகம் சுருங்குனது எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. ஆம்பளைங்கள்ல ஏறத்தாழ 12 பேருக்கு ஒருத்தருக்கு ஏதாவது ஒரு வகை நிறக்குறைபாடு இருக்கு, பெண்கள்ல ஏறத்தாழ 200 பேருக்கு ஒருத்தர், அதுல சிவப்பு பச்சை பிரிச்சுப் பாக்க முடியாததுதான் அதிகம். அப்போ ஒவ்வொரு வகுப்புலயும் இப்படி ஒரு பிள்ளை இருக்கும்னு நினைச்சேதான் நான் ஸ்லைடு போடணும், கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் மாத்தறது இல்ல. இப்ப நீலமும் ஆரஞ்சும் எடுத்துக்கறேன், ஒரு கோடு முழுசா, இன்னொண்ணு விட்டு விட்டு, கோட்டு முனையிலயே "வண்டி அ", "வண்டி ஆ"ன்னு எழுதிடறேன். ஸ்லைடை கருப்பு வெள்ளையா பிரிண்ட் எடுத்துப் பாத்தா போதும், அதுலயும் புரிஞ்சுதுன்னா சரி.

ரெண்டாவது, அதே இதயப் படம். ஆக்சிஜன் குறைஞ்ச ரத்தத்துக்கு நீலம்தான் எல்லா படத்துலயும் போடறாங்க, நானும் போட்டேன். பரீட்சையில ஒரு பிள்ளை "நீல நிற ரத்தம் நுரையீரலுக்குச் சென்று சிவப்பாக மாறுகிறது"ன்னு எழுதியிருந்தா. அழகான கையெழுத்து, நம்பிக்கையோட எழுதியிருக்கா. அதை அவளுக்கு சொல்லிக் குடுத்தது என் ஸ்லைடுதான். மனுஷ ரத்தம் எப்பவும் சிவப்புதான், ஆக்சிஜன் குறைஞ்சா கருஞ்சிவப்பு ஆகும். அதுக்கப்புறம் அந்தப் படத்துலயே ஓரமா "நீலம் ஒரு அடையாளம் மட்டும்"னு ஒரு வரி நிரந்தரமா வச்சிருக்கேன், வாயாலயும் சொல்லிடறேன். நாம அலங்காரம்னு நினைச்சு போடற நிறத்தையும் பிள்ளைங்க பாடமாத்தான் எடுத்துக்கறாங்க.

எழுத்தோட அளவு பத்தி ஆளாளுக்கு ஒரு கணக்கு சொல்வாங்க, நான் சொல்றது ஒண்ணுதான், பீரியடுக்கு முன்னாடி ஸ்லைடைப் போட்டுட்டு கடைசி பெஞ்சுல போய் உக்காருங்க, நிக்காதீங்க, உக்காருங்க. நான் முதல் தடவை உக்காந்தப்ப ரெண்டு விஷயம் கண்டுபிடிச்சேன். ஒண்ணு, 20 சைஸ்ல போட்ட தமிழ் எழுத்து அங்கிருந்து பாத்தா கொசகொசன்னு இருக்கு. தமிழ்ல சுழி, கொம்பு, கால், மேல புள்ளி எல்லாம் இருக்கு, ன-வும் ண-வும் தூரத்துல ஒண்ணாத்தான் தெரியும், க்-ல இருக்கற புள்ளி காணாம போயிடும். அதனால தமிழுக்கு 28க்குக் கீழ நான் இறங்கறதே இல்ல, தலைப்பு 36, 40. வரிக்கு நடுவுல கொஞ்சம் கூடுதல் இடைவெளியும் விடணும், இல்லன்னா மேல் வரியில இருக்கற கூ, மூ-வோட வளைவு கீழ் வரியில இருக்கற கீ, மீ-யோட தலையில இடிக்கும். ரெண்டாவது, முன்னாடி உக்காந்திருக்கற பிள்ளைங்க தலை ஸ்க்ரீனோட கீழ்ப் பகுதியை மறைக்குது. நான் எப்பவும் முக்கியமான முடிவை ஸ்லைடோட கடைசி வரியிலதான் வச்சிருந்தேன்! இத்தனை வருஷமா பின்னாடி உக்காந்த பிள்ளைங்களுக்கு அந்த முடிவு தெரியவே இல்ல. இப்ப கீழ கால் பங்கை காலியா விட்டுடறேன்.

பின்னணிக்கு நான் வெளிர் நிறம், அதுல கருப்பு எழுத்து. கருப்புப் பின்னணி லேப்டாப்ல பாக்க பிரமாதமா இருக்கும், ஆனா புரொஜெக்டரால கருப்பை உண்டாக்க முடியாது, அது வெளிச்சம் போடாம விடற இடம்தான் கருப்பு, ஜன்னல் வெளிச்சம் அந்த சுவத்துல விழுந்தா அது சாம்பல் ஆயிடும், எழுத்து மங்கிடும். நோட்டு எழுத வெளிச்சம் வேணும்னா அறையை முழுசா இருட்டாக்கவும் முடியாது, அதனால ஸ்க்ரீனுக்கு நேரா மேல இருக்கற லைட்டை மட்டும் அணைச்சுட்டு மத்ததை விட்டுடறேன்.

ஃபாண்ட் விஷயத்துல பட்டவங்களுக்குத்தான் வலி தெரியும். வீட்டுல பாமினியில அடிச்சு பென்டிரைவ்ல கொண்டு போய் வகுப்பு கம்ப்யூட்டர்ல திறந்தா முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தா நிக்கும், ஏன்னா பாமினி ஆங்கில எழுத்தோட இடத்துல தமிழ் உருவத்தை உக்கார வச்ச பழைய ஃபாண்ட், அந்த ஃபாண்ட் இல்லாத மெஷின்ல அடியில இருக்கற ஆங்கிலம் வெளிய வந்துடும். பழைய ஃபைல் வச்சிருக்கறவங்க தயவுசெஞ்சு ஒரு கன்வெர்டர் வச்சு, எந்த மெஷின்லயும் தமிழாவே நிக்கற யூனிகோடுக்கு மாத்திடுங்க. விண்டோஸ்லயே நிர்மலான்னு ஒரு யூனிகோடு ஃபாண்ட் இருக்கு, நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசமா கிடைக்குது, ரெண்டுமே தூரத்துல இருந்து பாக்க தெளிவு. ஃபைல்ல ஃபாண்டை சேத்து சேமிக்கற வசதி பவர்பாயிண்ட் ஆப்ஷன்ஸ்ல சேவ் பகுதியில இருக்கு, அதை டிக் பண்ணிடுங்க, கூடவே ஒரு பிடிஎஃப் நகலும் அதே பென்டிரைவ்ல வச்சுக்கங்க.

இனி கேள்வி ஸ்லைடு. சுவர் தடிமன் சொல்றதுக்கு முன்னாடி ஒரு ஸ்லைடு வரும், அதுல நாலு அறையோட வெறும் கோட்டுப் படம், எல்லா சுவரும் ஒரே தடிமன்ல, மேல "எந்த அறையோட சுவர் ரொம்ப தடிமனா இருக்கணும்? ஏன்?" அவ்வளவுதான். போட்டுட்டு நான் வாயை மூடிக்கறேன். இதுதான் எனக்கு கஷ்டமா இருந்துச்சு. மேரி பட் ரோன்னு ஒரு ஆய்வாளர் 1970கள்லயே வகுப்பறைகளைப் பதிவு பண்ணிப் பாத்து சொல்லியிருக்காங்க, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுட்டு பொதுவா ஒரு செகண்ட் அளவுதான் காத்திருக்காங்க, அதை மூணு செகண்டா ஆக்குனாலே பதில் நீளமாவும் காரணத்தோடயும் வருதுன்னு. நான் மனசுக்குள்ள பத்து எண்ணறேன். அப்புறம் பக்கத்துல இருக்கறவங்களோட ரெண்டு நிமிஷம் பேச விடறேன். அந்த நேரம் வகுப்பு சத்தமா இருக்கும், இருக்கட்டும்.

பதில் வர ஆரம்பிச்சதும் நான் கீபோர்டுல ஆங்கில எழுத்து பி-யை ஒரு தட்டு தட்டிடுவேன், ஸ்லைடு ஷோ ஓடறப்ப அதை அழுத்துனா ஸ்க்ரீன் கருப்பாயிடும், திரும்ப அழுத்துனா அதே இடத்துல வந்து நிக்கும். ஸ்க்ரீன் அணைஞ்ச உடனே அத்தனை கண்ணும் பேசற பிள்ளை பக்கம் திரும்பும், இதை ஒரு தடவை செஞ்சு பாருங்க. ஒரு பொண்ணு "நுரையீரல் பக்கத்துலயே இருக்கு சார், கால் ரொம்ப தூரம்"னு சொன்னா. இன்னொருத்தன் "தூரம் மட்டும் இல்லடா, உடம்பு முழுக்க போகணும்ல"ன்னான். அதுக்கப்புறம்தான் விடை ஸ்லைடு. அந்த ஸ்லைடைப் பாத்து எழுத வேண்டிய அவசியமே அவங்களுக்கு இல்ல, அவங்களே சொன்னதுதான அது. ஸ்லைடு எண்ணைத் தட்டி என்டர் அடிச்சா நேரா அந்த ஸ்லைடுக்குப் போகலாம், நடுவுல ஒரு சந்தேகம் வந்தா முதல் படத்துக்குத் திரும்ப இது ரொம்ப உதவி.

கணக்கு போட்டுக் காட்டற இடத்துல மட்டும் நான் ஸ்லைடே வைக்கறதில்ல, இதுல எனக்கு உறுதியான கருத்து இருக்கு. ஓம் விதியில மின்தடை கண்டுபிடிக்கறதை ஸ்லைடுல ஆறு வரியா தயாரா காட்டுனா பிள்ளைங்க முடிவைத்தான் பாக்கறாங்க. கரும்பலகையில நான் எழுதறப்ப எங்க நின்னு யோசிக்கறேன், அலகை எதுக்கு மாத்தறேன், எங்க அழிச்சு எழுதறேன், இதெல்லாம் தெரியுது, என் கை வேகமும் அவங்க கை வேகமும் ஒண்ணா இருக்கு. ஸ்லைடுல கணக்கோட படம் மட்டும் இருக்கும், வழி கரும்பலகையில.

நிறைய பேர் கேக்கறது, ஸ்லைடுல இவ்வளவு கொஞ்சமா இருந்தா லீவு போட்ட பிள்ளை எதைப் படிக்கும்னு. நியாயமான கேள்வி. அதுக்கு நான் தனியா ஒரு பக்க குறிப்பு அடிச்சு குடுக்கறேன், முழு வாக்கியத்தோட. ஸ்லைடும் குறிப்பும் ஒண்ணாவே இருக்கணும்னு நினைச்சதாலதான் முன்ன ரெண்டும் கெட்டுச்சு. வகுப்புலயும் எழுத தனி நேரம் இருக்கு, ஒவ்வொரு பகுதி முடிஞ்சதும் மூணு நிமிஷம், அப்ப நான் பேசறதில்ல, ஸ்க்ரீன்ல படம் மட்டும் நிக்கும், புரிஞ்சதை தன் வார்த்தையில எழுதணும். ஆரம்பத்துல "சார் எதை எழுதறது"ன்னு தவிச்சாங்க, நாலஞ்சு வகுப்பு ஆச்சு பழக.

போன தடவை நோட்டு வாங்குனப்ப வாக்கியங்கள் ஒண்ணுக்கொண்ணு வேற வேறயா இருந்துச்சு. எழுத்துப்பிழை கூடியிருக்கு, அதை மறைக்க வேண்டியதில்ல, முன்ன என் ஸ்லைடைப் பாத்து அப்படியே எழுதுனதால பிழை இல்லாம இருந்துச்சு. இப்ப பிழையை திருத்தறதுக்கு எனக்கு கூடுதலா நேரம் ஆகுது. ஆனா ஒரு நோட்டுல இதயப் படத்துக்குப் பக்கத்துல கால் பாதம் ஒண்ணு வரைஞ்சு, இடது பக்கத்துல இருந்து அதுவரைக்கும் நீளமா ஒரு அம்புக்குறி, வலது பக்கத்துல இருந்து நுரையீரலுக்குக் குட்டியா ஒரு அம்புக்குறி போட்டிருந்தாங்க. என் ஸ்லைடு எதுலயும் பாதம் இல்ல.

அடுத்த வாரம் தொடர் இணைப்பும் பக்க இணைப்பும் ஆரம்பிக்கறேன். தாள்ல எழுதி வச்சிருக்கேன், மொத்தம் ஏழு ஸ்லைடு, முதல் ஸ்லைடுல ரெண்டு பல்பு, ஒரு பேட்டரி, வயர் வரையாம விட்டிருக்கேன். அந்த நீல ரத்தப் படத்தையும் நேத்து மறுபடி எடுத்து நீலத்துக்குப் பதிலா கருஞ்சிவப்பு போட்டுப் பாத்தேன், கடைசி பெஞ்சுல இருந்து ரெண்டு சிவப்பும் ஒண்ணாத் தெரியுது, அதனால கருஞ்சிவப்புப் பகுதி மேல சாய்கோடு போட்டு வச்சிருக்கேன், வகுப்புல காட்டிப் பாக்கணும்.